பழைய இன்னோவா: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மதுரையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 2010-ஆம் வருட இன்னோவா. டீசல், எட்டு சீட்டு. நான் வாங்கும்போது அதற்குப் பத்து வயது முடிந்திருந்தது. நான் மூன்றாவது ஓனர். குலதெய்வம் கோயில், அக்கா பிள்ளைகளின் காதுகுத்து, பழனி, ராமேசுவரம் என்று அது போகாத இடமில்லை. போன இடத்தில் படுத்துக்கொண்டதும் உண்டு. அப்படிப் படுத்த இடங்களில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குவாலிஸை நிறுத்திவிட்டு 2005-இல் டொயோட்டா கொண்டுவந்த வண்டி இது. 2016-இல் அடுத்த மாடலான இன்னோவா கிரிஸ்டா வரும்வரை டீசலில் அதே 2,494 சிசி எஞ்சின்தான் ஓடியது. அதனால் அந்தப் பதினோரு வருடத்தில் எந்த வருட டீசல் வண்டி என்றாலும் கீழே உள்ளது பொருந்தும். டவேரா, சைலோ வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி சரியாக வரும். எர்டிகாக்காரர்கள் எஞ்சின் சமாசாரத்தை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. மெக்கானிக்கிடம் போய் "சத்தம் வருதுண்ணே" என்றால் அவருக்கு எதுவும் விளங்காது. நான் போகும் பட்டறை அண்ணன் எதைச் சொன்னாலும் முதலில் கேட்பது ஒரே வார்த்தைதான்: "எப்ப?" காலையில் எடுக்கும்போதா, சூடேறிய பிறகா? காலியாக ஓடும்போதா, ஒன்பது பேர் ஏறிய பிறகா? ஏற்றத்திலா, சமதளத்திலா? இந்த 'எப்ப'வுக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிக் கோளாறு பிடிபட்ட மாதிரி. தெரியாமல் போனால் ஒவ்வொரு சாமானாக மாற்றிக்கொண்டே போவோம், செலவு நம் தலையில். வண்டி வாங்கப் போகும்போதும் இதே கேள்விதான். அங்கே பதில் பட்டறைக்குப் பதிலாகப் பேரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

விலை ரொம்பக் குறைவாக இருக்கிறது

இதையும் ஒரு கோளாறின் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதே வருடம், அதே மாடல் மற்றவர்கள் சொல்லும் விலைக்கு ஐம்பதாயிரம், எண்பதாயிரம் கீழே கிடைக்கிறது என்றால் காரணம் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, வெளிமாநில வண்டி. டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவு போட்டது. அங்கே ஓட முடியாதவை தடையில்லாச் சான்றோடு தெற்கே இறங்கின. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டு எண் வாங்க இங்கே மறுபடி லைஃப் டாக்ஸ் (ஆயுள் வரி) கட்டவேண்டும். அந்தத் தொகையையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் குறைந்த விலை குறைந்ததாகவே இருக்காது.

இரண்டாவது, தண்ணீரில் நின்ற வண்டி. 2015-இலும் 2023-இலும் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. அந்த ஊர்கள் மதுரைக்கு மூன்று மணி நேரத் தூரம். தண்ணீர் குடித்த வண்டியை வெளியே கழுவிப் பளபளவென்று ஆக்கிவிடலாம், சீட் பெல்ட்டை ஏமாற்ற முடியாது. பெல்ட்டை முழுசாக, கடைசிவரை இழுங்கள். சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி அரை அடியில் செம்மண் கோடு தெரிந்தால் அந்த வண்டியை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். சீட்டு ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, கார்பெட்டுக்கு அடியில் வண்டல், ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே கலங்கல் கோடு எல்லாம் அதே கதைதான். வண்டிக்குள் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எந்த வாசனையை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, டிராவல்ஸ் வண்டி. இதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஒழுங்காக சர்வீஸ் பார்த்து மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவா எஞ்சின், நின்றே கிடந்த வண்டியைவிட மேல். மீட்டரைத் திருப்பி வைத்து ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று காட்டுவதுதான் பிரச்சினை. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா? டிரைவர் சீட்டின் கதவுப் பக்க விளிம்பு அமுங்கியிருக்கிறதா? ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம் மினுமினுக்கிறதா? பெடலும் சீட்டும் மூன்று லட்சம் என்று சொல்லும்போது மீட்டர் சொல்வதை நம்பவேண்டியதில்லை. பெடல் ரப்பர் மட்டும் புத்தம்புதிதாக இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

நான்காவது, காகிதம். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை என்று வந்துவிடும். ஃபைனான்ஸ் பெயர் காட்டினால் அவர்களிடமிருந்து தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றப் படிவம் 29-உம் 30-உம் வேண்டும். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று வெற்றுக் கையெழுத்துப் படிவத்தைக் கொடுக்கும் புரோக்கர் அந்த 'அப்புறம்' வரும்போது போனை எடுக்கமாட்டார். நான் பட்டிருக்கிறேன். முந்தைய ஓனர் வேறு ஊருக்குப் போய்விட்டார், ஒரு கையெழுத்துக்காக நான்கு மாதம் அலைந்தேன். பதிவு பண்ணிப் பதினைந்து வருடம் முடிந்துவிட்டால் எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. அந்தத் தேதி நெருங்குகிற வண்டியை விற்கத் தள்ளுகிறார்கள் என்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: டிஎன் 58, 59, 64 மதுரை எண்கள். டிஎன் 65 என்றால் ராமநாதபுரம். கடலோரத்தில் நின்ற வண்டியென்றால் மேல் பெயிண்டைப் பார்த்து மயங்காமல் கீழே குனிந்து சேஸை, அதாவது அடிச்சட்டத்தைப் பாருங்கள். உப்புக்காற்று அடியிலிருந்துதான் தின்னும்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியைத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி; அல்லது 'ற்ர்ர்... ற்ர்ர்' என்று இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் கோளாறு கரன்டில். எல்லாரும் முதலில் பேட்டரியைத்தான் மாற்றுவார்கள். நானும் மாற்றினேன், ஒன்றரை வருடத்தில் இரண்டு. மூன்றாவது தடவை படுத்தபோது பட்டறை அண்ணன் வீட்டுக்கே வந்தார். ஜம்பர் வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் கவ்வவிட்டார். மறுமுனையை, எஞ்சினைத் தூக்குவதற்கு இருக்கும் இரும்புக் கொக்கியில் மாட்டினார். "இப்பத் திருப்பு தம்பி." திருப்பினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயர் உள்ளுக்குள்ளேயே பச்சைபிடித்து உளுத்துப் போயிருந்தது. வெளி உறை அப்படியே நன்றாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. புது வயர் 350 ரூபாய். "ரெண்டு பேட்டரிக் காசுக்கு எர்த் வயரு மாலையாப் போட்டிருக்கலாமே தம்பி" என்று இன்றைக்கும் கேலி பண்ணுவார்.

அதனால் பேட்டரிக் கடைக்குப் போகும் முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். வண்டி இரவெல்லாம் நின்றபிறகு 12.6 வோல்ட் பக்கம் இருக்கவேண்டும். ஓடும்போது 13.8-இலிருந்து 14.5-க்குள். ஓடும்போதும் 12-இலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் போடவில்லை. இரண்டும் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால் டெர்மினலைச் சுரண்டுங்கள், எர்த் பாருங்கள். அதற்குப் பிறகுதான் எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார்.

நன்றாக, வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் டீசல் பக்கம் போங்கள். டீசல் ஃபில்டரின் தலையில் கையால் அமுக்கும் பிரைமர் இருக்கும். ராத்திரி கெட்டியாக இருந்தது காலையில் தொளதொளவென்று இருந்தால் எங்கேயோ காற்று ஏறுகிறது. கெட்டியாகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் பிடித்துக்கொள்ளும், ஆனால் அது அன்றைக்கு மட்டும்தான். ஃபில்டரின் ஓ-ரிங், ஹோஸ் கிளிப் இரண்டையும் பாருங்கள். ஃபில்டருக்கு அடியில் தங்கும் தண்ணீரை வடிக்கவும் ஒரு திருகு உண்டு. டேஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு எரிந்தால் அதைத் திறந்துவிடவேண்டும்.

குளிரில் டீசல் பற்றிக்கொள்ள எஞ்சினுக்குள் சூடேற்றும் க்ளோ பிளக்கை முதலிலேயே மாற்றச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். மார்கழி விடியற்காலையிலும் மதுரையில் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இந்த எஞ்சினுக்கு அது குளிரே இல்லை. கொடைக்கானலில் குடியிருந்தால் வேறு பேச்சு.

காலையில் நன்றாகப் பிடிக்கிறது, சூடானபிறகு டீக்கடையில் நிறுத்தி எடுத்தால் அடம்பிடிக்கிறது என்றால் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரைச் சந்தேகப்படலாம். நான்கு இன்ஜெக்டரும் பீச்சியது போக எவ்வளவு டீசலைத் திருப்பி அனுப்புகிறது என்று தனித்தனியாக அளந்து பார்ப்பார்கள். நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு டீசல் வரவேண்டும். மூன்றில் கொஞ்சமாகவும் ஒன்றில் மட்டும் நிறையவும் வந்தால் அந்த ஒன்றுதான் திருடன். நான்கையும் மாற்றவேண்டும் என்று சொல்பவரிடம் இந்தச் சோதனையைப் பண்ணிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வாங்கப் போகும்போது, "நான் வர்றவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க" என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொடுங்கள். இட்லிச் சட்டி மூடி மாதிரி சுட்டால், நீங்கள் பார்க்கக்கூடாத எதையோ முன்னமே ஓட்டி மறைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

புகை

கறுப்புப் புகை, பிக்கப்பும் இல்லை: முதலில் ஏர் ஃபில்டர். அது சுத்தமென்றால் டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கிறதா பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது 'உஸ்ஸ்' என்று காற்று போகும் சத்தம் கேட்கும். அதுவும் இல்லையென்றால், புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்திருக்கும். இன்ஜெக்டருக்குக் கை வைப்பது கடைசியில்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து துளையின்மேல் தளர்வாக வையுங்கள். லேசாகத் துள்ளினால் பரவாயில்லை. மூடி குதித்துப் புகையும் குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்கு போய்விட்டது. வாங்க வந்தவர் என்றால் மூடியைத் திருகிவைத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பவேண்டியதுதான்.

வெள்ளைப் புகை காலையில் ஒரு நிமிடம் வந்து போனால் கவலை இல்லை. சூடானபிறகும் வந்து, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்டும் குறைந்துகொண்டே போனால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

இந்த எஞ்சினுக்கென்றே ஒரு தனி நோய் உண்டு. இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் செம்பு வாஷர் இருக்கும். அது தளர்ந்தால் எரிந்த வாயு மேலே கசியும். இன்ஜெக்டர்கள் வால்வு கவருக்கு உள்ளே இருப்பதால் அந்தக் கரி வெளியே தெரியாமல் ஆயிலில் இறங்கி, கீழே ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். சல்லடை அடைத்தால் எஞ்சினுக்கு ஆயில் ஏறாது. ஆயில் மூடியின் உள்பக்கம் கெட்டியான கறுப்புப் பிசின் அப்பியிருந்தால், எஞ்சினில் 'சஃப் சஃப்' என்று மெல்லிய சத்தம் கேட்டால், வாஷர் மாற்றும்போதே அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றிச் சல்லடையையும் பார்க்கச் சொல்லுங்கள். சூடான எஞ்சினில் ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கினால் அடுத்த ஊர்வரை போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். அங்கேயே அணைத்துவிடுங்கள்.

ஹீட் முள் ஏறுகிறது

இதில்தான் நான் அதிகம் கஷ்டப்பட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சித்திரை மாதம், பிள்ளைகளுக்கு லீவு. கொடைக்கானல் போகலாம் என்று ஒன்பது பேர் ஏறினோம். மேலே கேரியரில் பெட்டி, மடியில் புளியோதரை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்து, டம் டம் பாறை வருவதற்குள் முள் பாதியைத் தாண்டிவிட்டது. அம்மா பின்னாலிருந்து "என்னடா ஏ.சி. காத்து சூடா வருது" என்றார். உண்மையில் அதுதான் முதல் எச்சரிக்கை, நான் கவனிக்கவில்லை. பாறைக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி நிறுத்தினேன். எதிரே எலிவால் அருவியில் நூலிழை அளவுக்குத் தண்ணீர், எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். நான் பானெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நின்ற இடத்தில் செய்யவேண்டியது: ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும், எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் அது இழுத்துவிடும். முள் இறங்கினால் ஐடிலில் ஓடவிட்டே ஆறவிடுங்கள். இறங்காமல் சிவப்பை நோக்கிப் போனால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். எது நடந்தாலும் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக்கூடாது. உள்ளே அழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீர் முகத்துக்கு வந்து அடிக்கும். முக்கால் மணி நேரமாவது ஆறவேண்டும். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

சரி, காரணத்துக்கு வருவோம். இங்கேயும் எப்போது ஏறுகிறது என்பதை வைத்தே பிரிக்கவேண்டும்.

கோரிப்பாளையம் நெரிசலில் நிற்கும்போது ஏறி, ரிங் ரோட்டில் ஓடினால் இறங்கிவிடுகிறது என்றால் ஃபேன் கோளாறு. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று குளிரவைக்கிறது, நின்றால் ஃபேன்தான் அதைச் செய்யவேண்டும். இதில் ஃபேன் எஞ்சினோடு சேர்ந்து ஒரு பிசுபிசு எண்ணெய்க் கிளட்ச் வழியாகச் சுற்றுவது. எஞ்சின் நன்றாகச் சூடானபிறகு அணைத்து, சாவியையும் எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுண்டிவிடுங்கள். கொஞ்சம் சுற்றி, முரண்டு பிடித்து நின்றால் நல்லது. மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி தாராளமாகச் சுற்றிக்கொண்டே போனால் ஃபேன் கிளட்ச் காலி.

நிற்கும்போது சரி, வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு. என் வண்டிக்கு இதுதான். முந்தைய ஓனர் கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி என்று குளியலறைக் குழாயைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்து பாதியை அடைத்துவிட்டது. தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: எஞ்சின் சூடாகி அணைத்தபிறகு ரேடியேட்டரை மேலிருந்து கீழாகப் பல இடங்களில் தொட்டுப் பாருங்கள் (ஃபேனில் கை படாமல்). ஒரு இடம் சுட்டு, பக்கத்து இடம் சில்லென்று இருந்தால் அந்தச் சில்லென்ற இடத்தில் தண்ணீர் ஓடவில்லை.

அதையும் கழற்றும் முன் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கம் ரோட்டில் காயப்போட்ட நெல்லுமேல் ஓட்டிய வண்டி என்றால் அந்தச் சந்து முழுக்க உமியும் தும்புமாக இருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் பீச்சவேண்டும். முன்னாலிருந்து பீச்சினால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும்.

பிறகு ரேடியேட்டர் மூடி. ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான். அடுத்து, சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி ஹீட் ஆகாது என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள், எஞ்சின் ஓடவேண்டிய சூட்டுக்கே வராமல் டீசல் குடிக்கும்.

ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டதா என்பதற்கு மூன்று சாட்சி. காலையில் ஸ்டார்ட் பண்ணிய இரண்டாவது நிமிடமே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது. கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி வருவது. ஆயில் மூடிக்குள் காபி நுரை நிறத்தில் பசை. இதில் ஒன்று இருந்தாலும் வாங்கப் போன வண்டியை வாங்காதீர்கள். சொந்த வண்டி என்றால் ஹெட்டைக் கழற்றி லேத்தில் மட்டம் பார்க்கவேண்டியதுதான், குறுக்கு வழி கிடையாது.

ஏ.சி.

முன்னாலும் பின்னாலும் குளிரவில்லை என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவு. ஆனால் கேஸ் தானாகத் தீராது, கசிந்தால்தான் தீரும். கசிவைப் பார்க்காமல் கேஸ் மட்டும் நிரப்பிக் கொடுக்கும் கடைக்கு அடுத்த கோடையில் மறுபடியும் போவீர்கள்.

முன்னால் குளிர், பின்னால் வெறும் காற்று என்றால் பின் கூலிங் காயிலோ அதன் எக்ஸ்பேன்ஷன் வால்வோ. பின் சீட்டில் பெரியவர்கள் உட்காரும் குடும்பம் என்றால் வாங்கும்போதே நீங்களே பின்னால் போய் உட்கார்ந்து பாருங்கள். எல்லாரும் முன் சீட்டில் உட்கார்ந்து ஏ.சி. பிரமாதம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

முன் சீட்டுக் கால்மாட்டில் கார்பெட் நனைகிறதா? மழை ஒழுகுகிறது என்று ஓடாதீர்கள். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் சின்னக் குழாய் அடைத்திருக்கும். அடியிலிருந்து காற்று அடித்தால் சரி.

கீழேயிருந்து சத்தம்

சின்னச் சின்னக் குழிகளில் 'டக் டக்' என்றால் லிங்க் ராடு. ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக இறங்கும்போது 'கடக்' என்று ஒரே ஒரு சத்தம் என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயிண்ட். ஜாக்கி போட்டு முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் ஆட்டும்போது தெரிந்தால் ஸ்டீயரிங் ராடு. பால் ஜாயிண்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

கியர் போட்டுக் கிளம்பும் நொடியில் பின்னால் 'டொக்' என்று ஒரு இடி: எஞ்சின் விசையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (மூட்டு). மெக்கானிக்குகள் அதையும் எழுபது எண்பதில் வரும் நடுக்கத்தையும் சேர்த்தே பேசுவார்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முதலில் முன் சக்கர பேலன்சிங், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம் அல்லது ஷாஃப்ட். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்.

வேகம் கூடக்கூட 'ஊஊ' என்று ஒரே சுருதியில் அழுதால் வீல் பேரிங் அல்லது பின் அச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரம். ஆனால் அதற்கு முன் டயரைப் பாருங்கள், திட்டுத்திட்டாகத் தேய்ந்த டயரும் அதே சுருதியில்தான் பாடும். டயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு பாக்கியிருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் மே மாத நான்குவழிச் சாலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகமாட்டேன். ஸ்டெப்னியிலும் அதே எண்ணைப் பாருங்கள், வண்டிக்கு அடியில் தொங்குவதால் அதை யாரும் நினைப்பதில்லை.

கிளட்ச், பிரேக்

நாற்பதில் ஓடும்போது நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதியுங்கள். எஞ்சின் சத்தம் கூடி, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் பிளேட் முடிந்தது. பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் அதற்கு எதிர்ப்பக்கக் கேலிப்பர் நகராமல் இறுகி, அந்தப் பக்கம் சரியாகப் பிடிக்காமல் இருக்கும். பெடல் ஆழமாகப் போய் இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கிறது என்றால் பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட், இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர்.

மூன்று நாள் நின்ற வண்டியில் திடீரென்று எல்லா விளக்கும் எரிகிறது

எலி.

சிரிக்காதீர்கள். வயல் ஓரம், காலி மனை ஓரம் வீடு என்றால் இதுதான் முதல் சந்தேகம். எங்கள் வண்டியின் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் வைக்கோல், கிழிந்த துணி, பாதி தேங்காய்ச் சில்லு என்று ஒரு குடித்தனமே இருந்தது. பானெட்டைத் திறந்து வயர்க்கட்டின் கறுப்பு உறையில் பல் பட்ட இடம் தேடுங்கள். கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றி அனுப்புவார்கள், ஆறே மாதத்தில் மறுபடி நிற்கும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் டியூப் போடச் சொல்லுங்கள். புகையிலைக் காம்பு கட்டிப் பார்த்தேன், நாஃப்தலின் உருண்டை போட்டுப் பார்த்தேன். எங்கள் எலி இரண்டையும் மதிக்கவில்லை. ராத்திரி பானெட்டைத் திறந்தே வைப்பதும், காற்று இழுக்கும் வாயில் கம்பி வலை வைப்பதும்தான் கேட்டது.

எந்த அறிகுறியும் காட்டாமல் போவது

டைமிங் பெல்ட். பிஸ்டன் ஓட்டத்துக்குத் தாளம் தப்பாமல் வால்வுகளைத் திறந்து மூடவைப்பது இது. இந்த எஞ்சினில் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான். ஒன்று முதல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றவேண்டும். அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும், அதோடு ஹெட் வேலை. சத்தமோ புகையோ முன்கூட்டி வராது. டேஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு உள்ள வண்டியிலும், விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் பெல்ட்டை அப்படியே விட்டவர்கள் உண்டு. மாற்றியதற்கு பில் காட்டச் சொல்லுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரத்திலேயே அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்க எங்கே போவது

தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் மேலே சொன்ன எதுவும் தெரியாது. வீட்டில் ஆறிய எஞ்சினை எடுங்கள். கோரிப்பாளையம் வழியாக நெரிசலில் ஊர்ந்து போங்கள். ஃபேன், கிளட்ச், ஏ.சி. மூன்றும் அங்கேயே பேசிவிடும். தல்லாகுளம் பக்கம் நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறினால் ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஓட்டம். நடுக்கம், பேரிங் சத்தம் எல்லாம் அங்கே தெரியும். நேரம் இருந்தால் தேனி ரோட்டில் ஆண்டிப்பட்டி கணவாய் வரை ஆள் ஏற்றிக்கொண்டு போய்வாருங்கள். விற்பவர் டீசலுக்கு முகம் சுளித்தால் நீங்களே போட்டுவிடுங்கள்.

திரும்பி வந்ததும் கையோடு கொண்டுபோன அட்டைப்பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கு அடியில் விரித்துவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு ஜிகர்தண்டா குடியுங்கள். பிறகு அட்டையை இழுத்துப் பாருங்கள். கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில். சிவப்பு என்றால் விரலில் தொட்டுத் தேயுங்கள்: வழுக்கினால் பவர் ஸ்டீயரிங் ஆயில், தண்ணீர் மாதிரி ஓடினால் கூலன்ட். நிறமே இல்லாத தெளிந்த தண்ணீர் என்றால் அது ஏ.சி. தண்ணீர். அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.